அவர் சொல்லாத வாக்கியம்

என் பழைய ஆபீஸில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் போன மாதம் வீடியோ காலில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மொத்தம் ஆறு பேர். நாங்கள் முப்பது பேர் செய்த வேலையை இன்று மெஷின் செய்கிறது, இவர்கள் அதற்குக் காவல் இருக்கிறார்கள். சான்டா கிளாராவிலிருந்து பேசிய ஒரு தமிழ்ப் பெண், "அங்கிள், உங்க சர்வீஸ்ல பெரிய தப்பு ஏதாச்சும் பண்ணிருக்கீங்களா? சும்மா லேர்ன் பண்ணத்தான் கேக்கறோம்" என்றாள். ஸ்பெல்லிங் தப்பு ஆயிரம் இருக்கும் என்று சொல்லி மழுப்பிவிட்டேன். வீடியோ காலை கட் பண்ணியதும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. இருபது வருஷம் மற்றவர் பேச்சைத் திருப்பிச் சொல்லிச் சம்பளம் வாங்கியவனுக்குத் தன் கதையைச் சொல்ல வாய் வராதா? அதனால்தான் இந்தக் கட்டுரை.

டிவியில் நேரலை நிகழ்ச்சி ஓடும்போது கீழே எழுத்து ஓடுமே, காது கேளாதவர்கள் படிப்பதற்கு, அந்த கேப்ஷன் போடுவதுதான் என் உத்தியோகம். முன்பெல்லாம் யார் பேசினாலும் புரிந்துகொள்கிற மெஷின் கிடையாது. ஒரே ஒரு ஆளின் குரலைப் பழக்கி வைத்தால் அந்தக் குரலை மட்டும் எழுத்தாக்கும். எனவே நடுவில் ஒரு ஆள் வேண்டும். காதில் ஹெட்போன், வாயை மூடியபடி ஒரு ரப்பர் மாஸ்க், அதற்குள் மைக். மேடையில் ஒருவர் பேசப் பேச, இரண்டு மூன்று வார்த்தை பின்னால் நான் அதையே மாஸ்க்குக்குள் சொல்லிக்கொண்டு போவேன். கமா, பீரியட் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். ஏற்ற இறக்கம் கூடாது. அவர் அழுதாலும் கத்தினாலும் என் குரல் ரயில்வே அறிவிப்பு மாதிரி ஒரே மட்டத்தில் போக வேண்டும்.

இந்த வேலைக்கு நான் வந்த கதை சுருக்கமானது. ஈரோட்டில் ஆங்கில ஷார்ட்ஹேண்ட் ஹையர் பாஸ் பண்ணினேன். ஒரு ஆபீஸில் எட்டு வருஷம் ஸ்டெனோ. கல்யாணம் ஆனது. மனைவி மல்லிகா புரோகிராமர், அவளுக்கு நியூஜெர்சியில் வேலை கிடைத்தது. நான் அங்கே ஐசலின் ஊரில் வீட்டைப் பார்த்துக்கொண்டு கிரீன் கார்டு வரும்வரை காய்கறி நறுக்கினேன். கார்டு வந்த வாரமே ஒரு கேப்ஷன் கம்பெனி விளம்பரம் பார்த்து அப்ளை பண்ணினேன். வேகமாகக் கேட்க வரும், மூஞ்சியில் ஒன்றும் காட்டாமல் உட்கார வரும் என்பதால் எடுத்துக்கொண்டார்கள்.

ஈரோட்டு ஆபீஸைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. எங்கள் அதிகாரி முழு லெட்டர் டிக்டேட் பண்ணவே மாட்டார். இரண்டு வரி சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மீதிய வழக்கம்போல முடிச்சுருங்க தண்டபாணி" என்பார். நான் முடிப்பேன். அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். அவர் மனதில் என்ன வரும் என்று அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. ஆபீஸே என்னை அதற்காகத்தான் மெச்சியது. எஜமான் நிறுத்தினால் நான் முடிக்க வேண்டும் என்பது கையில் ஊறிப்போனது.

அமெரிக்காவில் எனக்கு மேலே இருந்தவர் டோரீன். கோர்ட்டில் முப்பது வருஷம் சாட்சி சொன்னதையெல்லாம் எழுதியவர். ஒல்லியான உடம்பு, எந்நேரமும் கையில் ஒரு கப் வெந்நீர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் உட்காரும் சின்ன அறையின், அதாவது பூத்தின், கண்ணாடியை மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டினால் ஏதோ தப்பு என்று அர்த்தம். மூன்றாவது தட்டுக்கு அவசியமே வந்ததில்லை. எங்களைக் கவனிக்கும்போது ஒரு காதில் மேடைப் பேச்சும் மறு காதில் எங்கள் மாஸ்க் குரலும் வைத்துக்கொள்வார். முதல் நாளே தண்டபாணியை டான் ஆக்கி என்னிடம் சொன்னார்: "டான், இங்க ரெண்டே சட்டம். கேட்டத விடாத. கேக்காததச் சொல்லாத."

இரண்டாவது சட்டத்துக்காகவே இடது காலடியில் ஒரு பெடல் இருந்தது. பேசுகிறவர் நிறுத்திவிட்டால் மனதுக்குள் மூன்று எண்ண வேண்டும். மூன்றிலும் பேச்சு வராவிட்டால் பெடலை மிதிக்க வேண்டும். திரையில் 'பேச்சு இல்லை' என்று வரும். மறுபடி குரல் வந்தால் காலை எடுக்க வேண்டும். டோரீன் அந்தப் பெடலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் தன் காலாலேயே மிதித்துச் சரிபார்ப்பார். "மௌனமும் சாட்சிதான், அதையும் பதிவு பண்ணணும்" என்பார்.

நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற ஜனாதிபதி தேர்தல் காலம்தான் எங்களுக்கு ஆடிப் பதினெட்டு வெள்ளம். இரண்டு கட்சிகளும் சில வாரம் முன்னே பின்னே, ஆளுக்கொரு ஊரில் பெரிய மாநாடு போட்டு வேட்பாளரை அறிவிப்பார்கள். நாலு நாள், மதியத்திலிருந்து பேச்சு, பேச்சு, பேச்சு. நான் இரண்டு மாநாட்டுக்கும் உட்காருவேன். யார் எந்தக் கட்சி என்று இங்கே எழுதப் போவதில்லை. அது கூச்சத்தால் இல்லை. மாஸ்க்குக்குள் இருந்து கேட்டால் வித்தியாசம் அவ்வளவு தெரியாது என்பதுதான் உண்மை, அதைச் சொன்னால் இரண்டு பக்கமும் அடிக்க வருவார்கள்.

முதல் தேர்தலில் தடுமாறினேன். இரண்டாவதில் பழகியது. மூன்றாவதில்தான் அந்த விபரீதம் ஆரம்பித்தது. ஒரு நாள் மதியம் யாரோ ஒரு கவர்னர் பேசுகிறார். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியில் இரண்டு தட்டு. இடைவேளையில் டோரீன் வந்து ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கிக்கொண்டார்.

"டான், நீ அவருக்கு முன்னாடி போற."

"முன்னாடியா? எப்படிப் போக முடியும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். மூணு இடத்துல நீ சொன்னப்புறம்தான் அவர் சொன்னார்."

"பழகிருச்சு, டோரீன்."

"பழகக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெந்நீரை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்தப் பெருமை போய்விட்டது. மல்லிகாவின் அண்ணன் செல்வராஜ் பிளானோ என்கிற ஊரில் இருக்கிறார். தேர்தல் வந்துவிட்டால் மனிதருக்குச் சாமி வந்த மாதிரி. டோல்வே சாலையில் டிரைவ் பண்ணிக்கொண்டே போன் போட்டு அரசியல் பேசுவார். அவருக்கு ஒரு வேட்பாளர், என் மகள் காவ்யாவுக்கு எதிர் வேட்பாளர். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாமனும் மருமகளும் சண்டை போடுவார்கள். அவர் தமிழில் கேட்பார், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள்.

"நீங்க சொல்லுங்க மாப்ள. நீங்கதான் ரெண்டு மாநாட்டயும் முழுசாக் கேக்கறீங்க. யாரு பேசறது ஞாயம்?" என்று மச்சான் என்னை இழுத்தார்.

காவ்யாவும் விடவில்லை. "அப்பா, டூ யூ ஈவன் ஹேவ் எ சைட்?"

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். முதல் வாக்கியம் ஒரு கட்சி மேடையில் கேட்டது, அடுத்த வாக்கியம் மறு கட்சி மேடையில் கேட்டது. இரண்டும் ஆங்கிலத்தில், ஒரே மட்டமான குரலில் வந்தன. நடுவில் 'கமா' என்று சொன்னேன். முடிவில் 'பீரியட்' என்றும் சொன்னேன். என் சொந்த அபிப்பிராயம் எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தேன், சத்தியமாக ஒன்றும் இல்லை. காவ்யா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். மல்லிகா சாம்பார்க் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க பேசற மாதிரியே இல்லீங்களே" என்றாள். "வேற ஆரோ பேசறாப்பல இருக்குதுங்க."

அதற்கடுத்த தேர்தலில், எனது நாலாவது மாநாட்டுக் காலத்தில், அது நடந்தது. மாலை ஆறு மணி. வெளியே பார்க்கிங் லாட்டில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பெரிய தலைகள் பேசுவதற்கு முன்னால், அந்த நேரத்தில் சாதாரண ஜனங்களை ஆளுக்கு மூன்று நிமிஷம் மேடையேற்றுவார்கள். வேலை போனவர், நோயாளி, பிள்ளையை இழந்தவர் என்று. அவர்களுக்கான பேச்சைக் கட்சியே எழுதிக் கொடுக்கும், எதிரே கண்ணாடித் திரையில் ஓடும், பார்த்து வாசிக்க வேண்டும். அன்று வந்தவர் ஒரு பஸ் மெக்கானிக். ராணுவத்தில் இருந்த ஒரே மகன் டேனியல் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோட்டு அவருக்குப் பெரிதாக இருந்தது. தன் பெயரைச் சொன்னார், மகன் பெயரைச் சொன்னார், "அவன் நல்ல பையன்" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவர் நிறுத்திவிட்டார்.

டிவியில் அவர் முகம் போய் மகனின் போட்டோ திரை முழுக்க வந்தது. என் காதில் சத்தம் அற்றுப்போகவில்லை, இதை நன்றாகக் கவனியுங்கள். மண்டபம் மூச்சு விடுவது கேட்டது. பல்லாயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு மூச்சு விட்டால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பெரிய மாடு ஒன்று இருட்டில் பக்கத்தில் படுத்திருப்பது போல இருந்தது. நான் ஒன்று எண்ணினேன். இரண்டு எண்ணினேன். அதற்குமேல் எண்ணியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கைதட்டல் சத்தத்தில்தான் சுய நினைவு வந்தது. அவர் மேடையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். மாஸ்க்கின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. நாற்பது நொடி போயிருந்தது என்று பிறகு கணக்கிட்டோம். கண்ணாடியில் தட்டுச் சத்தம் வரும் என்று திரும்பினேன். டோரீன் தட்டவில்லை. கையில் கப்போடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கப்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் அறையைக் காட்டினார்.

நாங்கள் மாஸ்க்கில் சொல்வதெல்லாம் பதிவாகும். அவர் அறையில் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பதிவைப் போட்டோம். என் குரல்தான். தயக்கமில்லாமல், திணறாமல், யாரோ காதில் சொல்ல நான் திருப்பிச் சொல்வது போல அத்தனை சீராகப் போனது. 'அவன் வருவான் என்று எங்கள் வாசல் விளக்கை இன்றும் அணைப்பதில்லை பீரியட். ஒவ்வொரு மாலையும் அவன் அம்மாதான் அதைப் போடுகிறாள் பீரியட். அந்த விளக்கின் மேல் ஆணையாகச் சொல்கிறேன் கமா, நவம்பரில் எங்கள் ஓட்டு…' என்று தொடங்கி வேட்பாளர் பெயரோடு முடிந்தது. அந்தப் பையனின் முகத்துக்கு நேர் கீழே இத்தனையும் ஓடியிருக்கிறது. 

"ஸ்கிரிப்ட் யாராவது முன்னாடியே குடுத்தாங்களா?" என்றார் டோரீன்.

"இல்ல."

"அப்ப இது எங்கருந்து வந்தது?"

"தெரியல டோரீன். நான் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்ல."

மறுநாள் அந்தத் துண்டு வீடியோ நாடெல்லாம் பரவியது. ஒரு மகன் முகம், பேச்சே இல்லை, கீழே மட்டும் எழுத்து ஓடுகிறது. ஒரு கட்சிக்காரர்கள், துக்கத்தில் அவர் குரல் அடைத்துப்போனது, அவர் மனதில் இருந்ததைத்தான் எழுத்து காட்டியது என்று உருகினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், பார்த்தீர்களா, டிவியும் கட்சியும் கூட்டு, பேச்சை முன்கூட்டியே கொடுத்து ஓட்டுகிறார்கள் என்று குதித்தார்கள். மச்சான் போன் பண்ணினார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"மாப்ள, அந்த வெளக்கு மேட்டரப் பாத்தீங்களா? எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. எவ்வளவு சண்ட போட்டாலும் மனுசன் மனுசன்தானுங்களே."

"ஆமாங்க மச்சான்" என்றேன். வேறென்ன சொல்வது?

கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. எங்கள் ஆள் இல்லாததை இட்டுக்கட்டினான் என்று ஒப்புக்கொண்டால் டிவி கான்ட்ராக்ட் போகும், முப்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கட்சி ஸ்கிரிப்ட் கொடுத்தது என்றால் அது பச்சைப் பொய், கோர்ட்டுக்கு இழுப்பார்கள். மேலிடத்து வக்கீல் ஒருவர் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். எங்களுக்கு ஒலி வேறு லைனில் வந்தது, அதில் பேச்சு இருந்தது, ஒளிபரப்பில் மட்டும் ஒலி விடுபட்டுவிட்டது என்று ஒரு அறிக்கை. அதாவது அந்த மனிதர் பேசினார் என்று சொல்வது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

டோரீன் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, "நான் உன்ன வற்புறுத்தல" என்று மட்டும் சொன்னார். அவர் மூஞ்சியைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. முப்பது குடும்பம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உண்மையில் பயந்தது என் ஒருவனுக்காகத்தான். கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட என் பழைய அதிகாரியைவிட நான் மோசம், நான் படித்துவிட்டுப் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து என் பூத் மேஜையில் ஒரு கவர் கிடந்தது. பிரித்து, மறுபடி மடித்து வைத்திருந்தது. 'அந்த எழுத்துகளைப் போட்டவருக்கு' என்று எழுதியிருந்தது. அனுப்பியவள் மார்த்தா, டேனியலின் அம்மா. கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து மாதிரி தெளிவாக இருந்தது. தனக்குப் பிறவியிலேயே காது கேளாது என்று எழுதியிருந்தாள். கணவர் மேடையேறுவதில் தனக்கு விருப்பம் இல்லை, மகன் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகே அனுப்பினாள். டிவியில் பார்த்தால் அவர் ஓட்டுக் கேட்கிறார். பிறகு அவர் வீடியோ காலில் சைகையில் சொல்கிறாராம், நான் வாயே திறக்கவில்லை, கேமராவைப் பார்த்து உனக்குக் கையால் பேசினேன் என்று. திரையிலோ மகன் போட்டோதான் இருந்தது, அவர் கையை அவள் பார்க்கவில்லை. உங்கள் கம்பெனி அவர் பேசினார் என்று சொல்கிறது. அவர் இப்போது தன் தங்கை வீட்டில் இருக்கிறார். கடைசியில் ஒரே கேள்வி: 'என் கணவர் பேசினாரா?'

அந்தக் கவரை என் மேஜையில் வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. ஓரத்தில் வெந்நீர்க் கப்பின் வட்டம் இருந்தது.

டோரீன் அறைக்குப் போனேன். "நான் அந்த அம்மாவப் போய்ப் பாக்கப் போறேன். நடந்தத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போறேன்" என்றேன். அவர் ஹெட்போனை எடுத்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார். அதில் எதுவும் ஓடவில்லை. "எனக்கு ஒண்ணும் கேக்கல டான்" என்றார். கேட்டதை விடாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்படிச் சொன்னார். அது சரி என்றா தப்பு என்றா எடுத்துக்கொள்வது, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் காரில் ஒரு மணி நேரம். செங்கல் அபார்ட்மெண்ட், மூன்றாவது மாடி. காரிடாரில் எல்லாக் கதவுக்கும் பொதுவாக டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. பெல்லை அமுக்கினால் உள்ளே சத்தத்துக்குப் பதில் ஒரு பல்பு விட்டு விட்டு எரிவது கதவிடுக்கில் தெரிந்தது. மார்த்தா அறுபது வயதுக்குள் இருப்பாள். கிச்சன் மேஜையில் உட்கார வைத்து, நடுவில் ஒரு நோட்டையும் இரண்டு பேனாவையும் வைத்தாள். பேச்செல்லாம் அந்த நோட்டில்தான் நடந்தது.

நான் எழுதினேன்: 'அவர் பேசவில்லை. ஒலி கெடவில்லை. மண்டபத்தின் மூச்சு எனக்குக் கேட்டது. நாற்பது நொடியும் மேடையில் யாரும் பேசவில்லை. அந்த வார்த்தைகள் என்னுடையவை. நானே சொன்னேன். பிறகு பொய்க் கையெழுத்தும் போட்டேன். மன்னித்துவிடுங்கள்.'

அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுதியது வேறு: 'விளக்கைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது?'

'யாரும் இல்லை' என்று எழுதினேன்.

அவள் எழுந்து போய் ஒரு டிராயரிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வந்தாள். கட்சி அனுப்பிய பேச்சு. மகனைப் பற்றி இரண்டு வரிகள். அதன் கீழே ஒரு பத்தி சிவப்பு மையால் அழுத்தி அடிக்கப்பட்டிருந்தது, பேப்பர் கிழிகிற அளவுக்கு. அடித்தாலும் படிக்க முடிந்தது. வாசல் விளக்கு இருந்தது. ஒவ்வொரு மாலையும் அம்மா போடுவது இருந்தது. ஆணையும் இருந்தது. கமா நான் சொன்ன இடத்திலேயே இருந்தது.  குடிக்கத் தண்ணீர் கேட்டேன், வாயால் கேட்டேன், அவளுக்குக் கேட்காது என்பதுகூட மறந்துபோய்.

மார்த்தா என் கையைப் பிடித்துக் கதவருகே அழைத்துப் போனாள். கதவைத் திறந்து நிலைக்கு மேலே, இரண்டு பக்கமும் விரலால் காட்டினாள். விளக்கு இல்லை. விளக்கு மாட்டுவதற்கு ஒரு ஆணிகூட இல்லை. திரும்பி வந்து எழுதினாள்: 'எங்களுக்கென்று தனி வாசலே இல்லை, காரிடார்தான். எவனோ எழுதியது. பொய் என்பதால் நான்தான் அடித்தேன். சரி, படிக்க மாட்டேன் என்றார். அன்று திரையில் அந்த விளக்கைப் பார்த்தபோது என் மகன் இரண்டாவது தடவை செத்தான்.'

எனக்குத் தோன்றிய காரணத்தை அவளுக்கு எழுதிக் காட்டினேன். இரு கட்சி மேடைகளிலும் எத்தனையோ பெற்றோரின் பேச்சை நான் சொல்லியிருக்கிறேன். அவற்றிலெல்லாம் எங்காவது ஒரு விளக்கோ, காலி நாற்காலியோ, மடித்து வைத்த சட்டையோ வரும். எழுதுகிறவர்கள் கை ஒரே வழியில் போகிறது, என் வாயும் அதே வழியில் போய்விட்டது. இதைப் படித்துவிட்டு அவள் தலையை ஆட்டினாள். அவள் நம்பினாளா தெரியாது. எனக்கே பாதிதான் நம்பிக்கை.

தனித் தாளில் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டேன். டிவிக்கோ வக்கீலுக்கோ அனுப்புவாள் என்று நினைத்தேன். அவள் அதை போனில் போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பிவிட்டு, தாளை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினாள். கட்சிக்காரர்களுக்கு இதைத் தரப்போவதில்லை, இரண்டு பேரும் இதையும் பிய்த்துத் தின்பார்கள் என்று எழுதினாள். நான் கிளம்பும் முன் கடைசியாக, அவர் அன்று கையால் என்ன சொன்னதாகச் சொல்கிறார் என்று கேட்டேன். அவள் நோட்டை இழுத்து எழுதினாள்: 'இவர்களுக்கு அவனைத் தர மாட்டேன். வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.' அதன் கீழே இன்னொரு வரி எழுதினாள்: 'வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை.' பேனாவை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எங்கள் இரண்டு பேர் அழுகையில் ஒன்றுக்கு மட்டும்தான் சத்தம் இருந்தது, அது எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்து நாள் கழித்து மார்த்தாவின் மெசேஜ் வந்தது. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று. கம்பெனி அறிக்கையை யாரும் திருத்தவில்லை, ஜனங்களும் அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்கள். டோரீன் அந்த வருஷமே ரிட்டயர் ஆனார். நான் இன்னும் சில வருஷம் ஓட்டினேன், மனதுக்குள் மூன்று எண்ணுவதற்குப் பதில் விரல் விட்டு எண்ணினேன். ஆனால் மார்த்தா கேப்ஷனை நம்புவதை விட்டுவிட்டாள். மாநாடு வந்தால் எனக்கு மெசேஜ் பண்ணுவாள்: 'இதை இவர் சொன்னாரா?' நான் டிவியை நன்றாகக் கேட்டுவிட்டு, ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் போடுவேன். சம்பளமில்லாமல் நான் பார்க்கிற வேலை அது, என் சர்வீஸிலேயே ஒழுங்காகப் பார்க்கிற வேலையும் அதுதான்.

நான் ரிட்டயர் ஆகும் சமயம் கம்பெனி இன்னொரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியது. எங்கள் இத்தனை வருஷப் பதிவுகளையும் புது மெஷினுக்குப் பாடமாகக் கொடுப்பதற்கு. அதையும் போட்டுக் கொடுத்தேன். இப்போது மாஸ்க்கும் இல்லை, பூத்தும் இல்லை, பெடலும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான்: பெடல் இல்லை.

போன மாநாட்டுக் காலத்தில் ஒரு மாலை. இந்தத் தடவை மறு கட்சி. மகளை இழந்த ஒரு பெண் மேடைக்கு வந்தாள். மல்லிகா அடுப்படியில், மச்சான் பிளானோவிலிருந்து ஸ்பீக்கரில், காவ்யா அவரோடு வாதாடிக்கொண்டு. "ஒரு நிமிசம் எல்லாரும் சும்மா இருங்க" என்றேன். அந்தப் பெண் இரண்டு வாக்கியம் பேசினாள். நிறுத்தினாள். கண்ணாடித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண்டபம் மூச்சு விட்டது. நான் விரல் விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கேமரா அவள் முகத்திலேயே இருந்தது, அவள் உதடு ஒட்டியே இருந்தது. கீழே எழுத்து ஓட ஆரம்பித்தது. 'அவள் வருவாள் என்று எங்கள் வாசல் விளக்கை இன்றும் அணைப்பதில்லை.'

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு மேடையை விட்டு இறங்கிப் போனாள். அந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவள் எதுவுமே சொல்லவில்லை.

என் போன் அதிர்ந்தது. மார்த்தா.

'இதை அவள் சொன்னாளா?'

'இல்லை' என்று அடித்து அனுப்பினேன்.

மூன்று புள்ளிகள் தோன்றி மறைந்து மறுபடி தோன்றின. 'அப்படியானால் யார் சொன்னது?'

"ஏனுங்க, என்னங்க ஆச்சு, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு" என்று மல்லிகா பக்கத்தில் வந்து நின்றாள்.  மார்த்தாவுக்கு ஒரே வார்த்தை அடித்தேன்.

'நான்.'